கீரி வீட்டு ஸ்பானிஷ் வகுப்பு

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் விடாமல் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், யாழ்மொழி என்ற கீரிப்பெண் இருந்தாள். மனிதக் கணக்கில் பதினைந்து வயது. அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். தான் தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடிக்க வேண்டும்.

இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பவர்கள் அவளுடைய அம்மா பொற்கொடியைப் பார்த்ததில்லை. யாராவது யாழ்மொழியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ரெண்டு முட்டை சாப்பிட்டா, மூணாவது வேண்டாம்னுட்டா" என்று பொற்கொடியிடமிருந்து பதில் வரும். அவ்வளவும் பாசம். அதனால்தான் கோபப்படவும் வழியில்லை. அப்பா கீரி தினமும் காலையில் "நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு மேல் அவர் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

இப்படியிருக்கையில், ஆலமரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். கடல் தாண்டி ஸ்பானிஷ் பேசும் ஒரு மழைக்காடு இருக்கிறது. இங்கிருந்து ஒரே ஓர் இளம் விலங்குக்கு அங்கே ஒரு வருடம் இலவசப் படிப்பு. தங்குவதற்கு வளை, மூன்று வேளை சாப்பாடு. நேர்காணல் ஸ்பானிஷில் நடக்கும்.

யாழ்மொழி அந்தத் தாளை நான்கு முறை படித்தாள். ஸ்பானிஷ் அவளுக்குப் புதிதல்ல. காட்டுப் பள்ளியில் நாற்பது குட்டிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, இரண்டு வருடம் கோடிட்ட இடங்களை நிரப்பியிருக்கிறாள். வாயைத் திறந்து பேசியதுதான் இல்லை. அங்கே போய்விட்டால், அம்மாவுக்குத் தெரியாத மொழியில், அம்மா இல்லாத ஊரில், ஒரு வாக்கியத்தை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை சொல்லலாம். நினைத்தபோதே அவளுக்கு வால் சிலிர்த்தது.

விண்ணப்பப் படிவம் யானை அலுவலகத்தில் கொடுத்தார்கள். வரிசையில் ஆமைக்குப் பின்னால் இடம் கிடைத்ததால் அரை நாள் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் படிவம் பொற்கொடியின் கைக்குப் போனது.

"நீ எழுதினா அடிச்சு அடிச்சு எழுதுவே. குடு இங்க."

"அம்மா, கடைசியில கால்தடம் மட்டும் நான்..."

"உன் தடம் கோணலா விழும்டி" என்று சொல்லிக்கொண்டே பொற்கொடி தன் காலை மையில் தோய்த்து அழுத்தினாள். தடம் அழகாக விழுந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேர்காணலுக்கு மூன்று மாதம் இருந்தது. பேசிப் பழகுவதற்காகத் தனிப்பயிற்சி ஏற்பாடாயிற்று. ஒரு மாணவிக்கு ஓர் ஆசிரியர். ஆசிரியர் ஒரு நரி.

நரி என்றதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். கதை கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன காது உங்களுடையது. இந்த நரி வாத்தியார் யோக்கியர். ஸ்பானிஷில் எத்தனை நிலைத் தேர்வு உண்டோ அத்தனையும் எழுதித் தேறியவர். மாணவருக்கு என்ன பிடிக்கும் என்று முதல் நாளே கேட்டு, அதை வைத்தே தனியாகப் பாடத்திட்டம் போடுகிறவர். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் முட்டைப் பணியாரம்.

முதல் வகுப்பு. நரி வாத்தியார் உட்கார்ந்தார். யாழ்மொழி எதிரே உட்கார்ந்தாள். பொற்கொடி ஒரு தட்டு பணியாரத்தை நடுவில் வைத்துவிட்டு மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னம்மா ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார் வாத்தியார்.

யாழ்மொழிக்குப் பிடித்தது பாம்புச் சட்டை. பாம்புகள் உரித்துப் போட்டுவிட்டுப் போகும் சட்டைகளைப் புதர் புதராகத் தேடி எடுத்து, மண் தட்டி, தன் வளையின் மூலையில் மறைத்து வைத்திருந்தாள். மொத்தம் பதினேழு. ஒரு கீரி வீட்டில் இதை வெளியே சொல்லத் துணிச்சல் வேண்டும். யாழ்மொழி மூச்சை இழுத்து அந்தத் துணிச்சலைத் திரட்டினாள்.

"எனக்கு..."

"சமையல், சார்" என்றாள் பொற்கொடி. "சமையல்னா அவளுக்கு உயிரு."

வாத்தியார் வாயில் முழுப் பணியாரம் இருந்தது. "ம்" என்று தலையாட்டி, 'சமையல்' என்று குறித்துக்கொண்டார். விழுங்கிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா..." என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் இரண்டாவது தட்டு வந்துவிட்டது. பணியாரம் சுட்டுப் போட்ட வீட்டுக்காரம்மாவை அவர் வீட்டிலேயே எழுந்து போகச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

மறுநாள் பக்கத்துப் புற்றிலிருந்து உடும்பு அத்தை வந்தாள். "சும்மா பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள். உடும்பு உட்கார்ந்தால் எழுந்திருக்குமா? அதற்கடுத்த வாரம் அப்பா கீரியும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வகுப்பு செல்போனில் நடந்தது. திரையில் யாழ்மொழியின் முகம் மட்டும் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் நான்கு வால்கள் தெரிந்தன.

கேள்வி யாழ்மொழிக்கு வரும். பதில் பொற்கொடியிடமிருந்து போகும். முதலில் தமிழில் போனது. பிறகு உடைந்த ஸ்பானிஷில். இரண்டாம் மாதம் பொற்கொடி அடுப்போடு ஸ்பானிஷில் சண்டை போட ஆரம்பித்தாள். வீட்டுப்பாடத்தை மகளிடமிருந்து வாங்கி, "இதுல நீ ஒண்ணும் சிரமப்படாதே" என்று உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. யாழ்மொழி அதைக் கவனித்தாள். அம்மா பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததே, பெற்றோர் சந்திப்புக்குத்தான்.

நரி வாத்தியார் பொய் எழுதத் தெரியாதவர். மாத அறிக்கையில், 'மாணவியிடம் வியக்கத்தக்க முன்னேற்றம்' என்று எழுதினார். எந்த மாணவி என்று அறிக்கையில் கேட்கவில்லை.

யாழ்மொழியும் கற்காமல் இல்லை. காதில் விழுந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு போய், வளையின் மூலையில் பாம்புச் சட்டைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு, மேகம், கடல், காற்று என்று பாடத்திட்டத்தில் இல்லாத சொற்களையும் பழைய பள்ளிப் புத்தகத்தில் தேடிச் சேர்த்தாள். பதினேழு சட்டைகளில் ஒன்றுகூடக் குறுக்கே பேசவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. கடல் தாண்டிய காட்டிலிருந்து ஒரு பஞ்சவர்ணக்கிளி வந்து புளியமரக் கிளையில் அமர்ந்திருந்தது. வயது ஐம்பத்தெட்டு. கையில் படிவம். விண்ணப்பதாரர் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

"கொண்டுவந்து விட்டுட்டு ஓரமா நிக்கிறேன்" என்று பொற்கொடியும் உள்ளே வந்தாள்.

கிளி ஸ்பானிஷில் கேட்டது: "எப்படி இருக்கிறாய்?"

யாழ்மொழி வாயைத் திறந்தாள்.

"நன்றாக இருக்கிறோம், நன்றி. பயணம் சௌகரியமாக இருந்ததா? ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று பின்னாலிருந்து சரளமான ஸ்பானிஷ் வந்தது.

கிளி தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் பார்த்தது. அடுத்த கேள்வியை அங்கேயே கேட்டது. பதில் வந்தது. இன்னொரு கேள்வி, இன்னொரு பதில். பணியாரத்துக்கு மாவு எப்படிக் கரைப்பது என்பது வரை பேச்சு போயிற்று. யாழ்மொழி நடுவில் நின்று, மூன்று மாதத்து ஆசை கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கடைசியாகக் கிளி கேட்டது: "உனக்கு என்ன ஆசை?"

"அவளுக்கு வந்து..." என்று தொடங்கினாள் பொற்கொடி.

"அவளுக்கு அல்ல. உனக்கு."

பொற்கொடி வாயடைத்து நின்றாள். இது நடக்கும் என்று அந்தக் காட்டில் ஒருவரும் எதிர்பார்த்ததில்லை. அவளை யாரும் அதுவரை இந்தக் கேள்வி கேட்டதில்லை. மெதுவாக, "எனக்கு... பார்க்க வேண்டும்..." என்றாள். எதை என்பதற்கு ஸ்பானிஷில் சொல் வரவில்லை. அவள் படித்ததெல்லாம் சமையலறைச் சொற்கள். கண்கள் மட்டும் தவித்தன.

யாழ்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல் அவளுக்குத் தெரியும். சொல்லாமலும் இருக்கலாம். ஒரு கணம் இருந்தாள்.

"எல் மார்" என்றாள் மெல்ல. கடல்.

"கடல்!" என்றாள் பொற்கொடி. "நான் கடல் பார்க்க வேண்டும்!"

கிளி படிவத்தில் முத்திரை குத்தியது.

"ஐயோ, விண்ணப்பம் என் பொண்ணோடது" என்று பதறினாள் பொற்கொடி. கிளி படிவத்தைக் கீழே நீட்டி, அவள் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தது. தடம் கச்சிதமாகப் பொருந்தியது. "பெயரெல்லாம் எங்களுக்கு வாயில் நுழையாது. தடம்தான் கணக்கு" என்றது.

"இளம் விலங்குன்னு போட்டிருக்கே!"

"எனக்கு வயது ஐம்பத்தெட்டு" என்றது கிளி. "எந்தக் கீரியும் எனக்குக் குழந்தைதான்."

பொற்கொடி மகளைப் பார்த்தாள். யாழ்மொழி, "போயிட்டு வா, அம்மா" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் குறுக்கே யாரும் பேசவில்லை.

பொற்கொடி நான்கு மூட்டையோடு கப்பலேறினாள். மறுநாள் காலை அப்பா கீரி, "நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்தினார். யாரும் மறிக்கவில்லை. வெகுநேரம் யோசித்தார். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். கூட்டம் இல்லாத வகுப்பு எதற்கு என்று உடும்பு அத்தையும் வரவில்லை.

நேர்காணல் முடிந்தும் நரி வாத்தியார் வழக்கம்போல் வந்தார். தட்டு இல்லை. வாய் காலியாக இருந்தது.

"கோமோ தே யாமாஸ்?" என்று கேட்டார். உன் பெயர் என்ன என்று மூன்று மாதம் கழித்துக் கேட்கிறார்.

யாழ்மொழி காத்திருந்தாள். பழக்கம். பின்னாலிருந்து பதில் வரவில்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது. பிறகு தானே சொன்னாள். "மே யாமோ யாழ்மொழி."

"உனக்கு என்ன பிடிக்கும்?"

"பாம்புச் சட்டை."

வாத்தியார் குறிப்பேட்டில் 'சமையல்' என்பதை அடித்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் யாழ்மொழி பதினேழு சட்டைகளையும் விரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் எந்தப் புதரில் கிடைத்தது என்று ஸ்பானிஷில் சொன்னாள். தடுமாறிய இடங்களில் வாத்தியார் பொறுமையாகக் காத்திருந்தார். தனிப் பாடத்திட்டம் அன்றுதான் ஆரம்பமானது.

நடுவில் செல்போன் அடித்தது. திரையில் பொற்கொடி. பின்னால் நீலமாகக் கடல்.

"யாழு! வாத்தியாருக்குப் பணியாரம் சுட்டுக் குடுத்தியா? அவர் என்ன கேட்டாரு? நீ என்ன..."

"அம்மா" என்றாள் யாழ்மொழி, "நான் இப்போ கிளாஸ்ல இருக்கேன், முடிஞ்சதும் நானே உன்னைக் கூப்பிடறேன்."

முழு வாக்கியம். போனை அவளே வைத்தாள்.

நீதி: தனிப்பயிற்சிக்கு ஓர் ஆசிரியரும் ஒரு மாணவியும் போதும். வீட்டில் மீதி உள்ளவர்களை உதவித்தொகை வாங்கிக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடவும்.