சிவப்புத் துண்டு தொங்கினால் மோட்டார் கூடாது

ஸ்ரீரங்கத்தில் அசைக்க முடியாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயிலில் பள்ளிகொண்டிருக்கிறார். மற்றவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், முண்டா பனியனோடு ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் ‘கம்பைலர்’. பெற்றோர் வைத்த பெயர் மின்வாரியத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்றவர். யார் யாரோ சேர்ந்து ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கி, விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்த மொழியில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதன் மூல நிரல் முழுவதையும் இறக்கி, தன் கம்ப்யூட்டரிலேயே அதை உருவாக்கிக் காட்டுவேன் என்று இவர் கிளம்பினார்.

அது ஒவ்வொரு முறையும் பாதியில் பிழை சொல்லி நின்றது. நாமென்றால் தலையில் கை வைப்போம். அவர் கேசரி கிளறினார்.

“என்னங்க விசேஷம்?”

“புது எர்ரர் சார்! பழசு போயிடுச்சு. வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு வந்துடுச்சு, எடுத்துக்குங்க.”

கம்பைலரால் சர்க்கரை ஏறியது என்று சொன்னதை என் டாக்டர் நம்பவில்லை.

வேலை மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதனால் ஒரு சட்டம் போட்டார். பால்கனிக் கம்பியில் சிவப்புத் துண்டு தொங்கினால் மோட்டார் கூடாது. பச்சைத் துண்டு வந்தால் போடலாம். ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, குடியிருப்போர் சங்கச் செயலாளராகியிருந்த நான் அதற்குக் கட்டுப்பட்டேன்.

“நான் குளிக்கிறதுக்கு அவர் துண்டைப் பார்க்கணுமா? கருமம்!” என்றார் முதல் மாடி அம்மாள்.

ஒரு வாரம் கம்பைலர் கேசரியை மறந்தார். பழைய கம்ப்யூட்டரில் இது ஓடுகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் யாராவது காட்டாவிட்டால், அந்த வகைக் கம்ப்யூட்டரையே கைவிடப்போவதாக அந்த மொழிக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள்.

“என் மெஷினைச் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க சார். நான் உசிரோட காட்டறேன்.”

வியாழக்கிழமை, சமயபுரம் போய்விட்டு என் சம்பந்தி குடும்பம் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கியது. குழாயில் காற்றுதான் வந்தது. மாடியில் சிவப்புத் துண்டு.

“ஒரு மனுஷனுக்காக வந்தவங்க எல்லாம் நாறணுமா?” என்றாள் என் மனைவி.

மோட்டாரைப் போட்டேன். மாடியில் “ஐயோ!” என்று ஒரு குரல் கேட்டது.

ஏறிப் போய், “கரண்ட் போயிடுச்சு போலிருக்கே?” என்றேன். காலமெல்லாம் மாணவர்களின் பொய்யைக் கண்டுபிடித்துத் திட்டிய வாய், கூசாமல் சொன்னது.

அவர் கறுத்துப்போன திரையைத் துண்டால் துடைத்தார். “போனா போகுது சார். முதல்லேருந்து விடுவோம்.”

“நாளைக்குக் கடைசி நாளாச்சே?”

“வண்டி லேட்டா வரும். வராம இருக்காது.”

மறுநாள் காலையிலேயே மோட்டார் ஸ்விட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் மாடி அம்மாள் காலி வாளியோடு வந்து என் படிப்பையே சந்தேகித்தார். நான் அசையவில்லை. சாயங்காலம் பச்சைத் துண்டு விழுந்தது.

மூச்சிரைக்க ஏறினேன். கம்பைலர் ஓடிவிட்டது, மொழிக்காரர்களுக்கும் தகவல் போய்விட்டது. “அதுல முதல் புரோகிராம் எழுதியிருக்கேன், பாருங்க” என்று ஒரு பொத்தானைத் தட்டினார்.

திரையில் ஒரே வரி: ‘செயலாளர் சார், மோட்டார் போடலாம்.’

“தெரியுமா உங்களுக்கு?”

“கரண்ட் போனா ஃபேனும் நிக்கணுமே சார். அது பாட்டுக்குச் சுத்திச்சு. உக்காருங்க, கேசரி ஆறுது.”

மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மொழிகள் தெரியும். கேசரியைத் தின்றேன்.

இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மாடிக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. மோட்டார் ஸ்விட்சில் கை வைக்கும் முன் நான் இன்னும் அந்தப் பால்கனியை நிமிர்ந்து பார்க்கிறேன். ஒருநாள் சிவப்புத் துண்டு தொங்காதா என்று இருக்கிறது. குளிக்காமல்கூட இருந்துவிடுவேன்.