என் முழங்கைக்கு நடந்த அநியாயம்

மனைவியின் தம்பியை எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கோயிலுக்குப் போகலாம், கார் வாங்கப் போகலாம். கமரா வைத்து உண்மை கண்டுபிடிக்கிற இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

மொன்றியலில் எங்கள் தமிழ்க் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளன் நான் (சிரிக்க வேண்டாம், அப்போது தொப்பை இல்லை). எதிரணித் தலைவன் மனைவியின் தம்பி யோகன். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவனுக்கு ஒரே பல்லவிதான்: "அத்தான் பந்து போடேல்லை, எறியிறார்!" கிரிக்கெட்டில் முழங்கையை மடித்து எறிகிறவன் என்று பெயரெடுப்பதைவிடக் கேவலம் வேறில்லை.

அவன் வாயை அடைக்க வழி ஒன்று கிடைத்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பேஸ்போல் வீரர்களின் கையை ஆராயும் கூடத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைத் தேடினார்கள். விஞ்ஞானமே சாட்சி சொல்லட்டும் என்று யோகனையும் இழுத்துக்கொண்டு போனேன். என் பிரெஞ்சு "போன்ஜூர்", "மெர்சி"யோடு முடிந்துவிடும் என்பதால் மொழிபெயர்ப்பாளனும் அவன்தான்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சட்டையைக் கழற்றச் சொன்னாள். இறுக்கமான காற்சட்டை ஒன்றைத் தந்து, மூட்டுக்கு மூட்டு மினுங்கும் உருண்டைகளை ஒட்டினாள். (காவடி எடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை.) ஓடிவந்து, உயிரைக் கொடுத்துப் பந்தை வீசினேன். திரையில் கோடுகளால் ஆன எலும்புக்கூடு ஒன்றும் ஓடிவந்து அப்படியே வீசியது.

மாணவி கைதட்டினாள். எனக்குப் புல்லரித்தது.

"என்னவாமடா?"

யோகனின் முகம் முழுக்கப் பல்.

"அத்தான், உங்கடை முழங்கை வடிவா மடிஞ்சு நிமிருதாம். கிரிக்கெட் ஆளெண்டு நம்பேலாதாம். பேஸ்போலுக்கெண்டே பிறந்த கையாம்!"

"பொய் சொல்லாதை! திருப்பிக் கேளடா!"

கேட்டான். அவள் இன்னும் சந்தோஷமாக, இன்னும் விரிவாகப் பாராட்டினாள். ஆத்திரத்தில் உருண்டைகளை நானே பிடுங்கினேன். நெஞ்சு மயிரும் சேர்ந்து வந்தது. அவள் முழங்கை உருண்டையைக் கோணலாக ஒட்டினாள் என்று இன்றைக்கும் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்? அந்தச் சனிக்கிழமையே என் சொந்த அணிக்காரர்கள் என்னிடமிருந்து பந்தைப் பிடுங்கி, விக்கெட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

அந்த எலும்புக்கூட்டுப் படத்தை யோகன் கேட்டு வாங்கிவிட்டான். எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற பியர்ஃபொன்ட்ஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், கேக் வெட்டியதும் அது தொலைக்காட்சியில் ஓடும். முகமே இல்லாத எலும்புக்கூடு, அது நானில்லை என்று நானும் சாதித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வட்ஸ்அப்பில் அதைப் பார்த்தார்.

"ஐயோ, இது என்ரை பிள்ளையெல்லோ! சின்னனிலையும் இவன் உப்பிடித்தான் நாய்க்குக் கல்லெறியிறவன்!"