லீவில் முளைத்த தூண்

வெள்ளைத்துரை தூணாக நின்றது திட்டம் போட்டுச் செய்த காரியம் இல்லை. வேப்பமரத்துப் பக்கம் பதுங்கிப் போகலாம் என்றுதான் வராந்தாவில் ஏறினார். அதற்குள் எதிரே பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். நாலாவது தூணுக்கும் ஐந்தாவது தூணுக்கும் நடுவே, வராந்தா விளிம்பில், மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

நியாயப்படி அவர் அந்நேரம் சொந்த ஊர் அச்சங்குளம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். விருதுநகருக்கு வெளியே சாத்தூர் ரோட்டில் இருந்த அந்தப் பார்வையில்லாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கூடம், கோடை லீவு முடிந்து அன்றைக்குத்தான் திறந்திருந்தது. எட்டு வயசு மகள் பொன்னுத்தங்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. தலைமையாசிரியர் ரத்தினசாமிக்கும் பார்வை கிடையாது. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெத்தவுக பன்னெண்டு மணிக்குள்ள கிளம்பிரணும். ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. பழகணும்ல?"

"சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் பெரிய வாசல் வழியாக வெளியே போனார் வெள்ளைத்துரை. சமையல்கட்டுப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே வந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வயசில் அம்மை போட்டுக் கண் போன பிள்ளை. அடுத்த வருஷமே தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற நேரம் தவிர, மகளின் கையை அவர் விட்டதே இல்லை. போன வருஷம் ஜூன் மாதமும் இதே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து, வாசலில் கிடந்த கல்லைப் பார்த்துப் பயந்து, திரும்பக் கூட்டிப்போய்விட்டார். பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாயிற்று. இந்தத் தடவை துணிந்து சேர்த்துவிட்டாலும், மனசுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை அவள் தடுக்கி விழுவதைக் கண்ணால் பார்த்தால் போதும், கையோடு கூட்டிப்போய்விடுவது. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே இருக்க வேண்டுமே!

'அத்தனையும் பார்வையில்லாத பிள்ளைக. ஓரமா நின்னா யாருக்குத் தெரியப் போகுது' என்பது அவர் கணக்கு.

புதுசாக வந்தவர்களுக்குப் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கூடத்தைக் கையால் காட்டிக் கொடுப்பது அங்கே முதல் நாள் வழக்கம். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு, சுவர், தூண், படி, பம்பு எல்லாவற்றையும் தொட்டு எண்ணிக்கொண்டே போக வேண்டும். எட்டாவது வகுப்பு முத்துமாரியம்மாள் முன்னால் வர, பின்னால் ஐந்து பொடிசுகள். முதல் பொடிசே தங்கம்தான்.

"மூணு... நாலு..." என்று தொட்டுக்கொண்டே வந்த முத்துமாரியின் கை வெள்ளைத்துரையின் வயிற்றில் பட்டது. சட்டென்று நின்றாள். தங்கத்தின் கையும் நீண்டு வந்து அவர் வேட்டியைத் தொட்டு அங்கேயே நின்றது.

வெள்ளைத்துரைக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வையோடு மருந்து வாசமும் கிளம்பியது. காலையில் சீயக்காய் போட்டு மூன்று தடவை தேய்த்துக் குளித்தும், பஸ்ஸில் வரும்போது, "இன்னும் மருந்து வாசம் போகலப்பா" என்று தங்கம் மூக்கைச் சுருக்கியிருந்தாள். அதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு எங்கே ஞாபகம் வரும்?

தங்கம் எக்கி முத்துமாரியின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். 'பாவம், ஒண்ணுக்கு வருது போல. முத நாளு, கேக்க வெக்கப்படுது' என்று இவர் மனசு அடித்துக்கொண்டது.

முத்துமாரி இன்னொரு தடவை அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சத்தமாக, "அஞ்சு!" என்றாள். "போன வருசம் இங்கன தூணு இல்ல. லீவுல புதுசா ஒண்ணு கட்டியிருக்காக போல. எல்லாரும் தொட்டுப் பாத்துக்கோங்க."

ஐந்து பொடிசுகளும் தொட்டுப் பார்த்தன. சோலைச்சாமி என்ற ஆறு வயசுப் பயல் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான்.

"அக்கா, இந்தத் தூணுக்குப் பித்தான் இருக்கு!"

"ஆணியா இருக்கும். கைய எடுலே, குத்திரும்."

"சூடா இருக்குக்கா."

"வெயில்ல நிக்குதுல்ல? சூடாத்தான் இருக்கும்."

வரிசை நகர்ந்தது. தப்பித்தோம் என்று வெள்ளைத்துரை மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுசாக வெளியே வருமுன் முத்துமாரியின் குரல் கேட்டது.

"ஒம்பது. நல்லாக் கேட்டுக்கோங்க. ஒம்பதாவது தூணத் தாண்டுனா இடது பக்கம் மூணு படி. இறங்குனா சாப்பாட்டுக் கூடம்."

வெள்ளைத்துரை எண்ணிப் பார்த்தார். அவரைக் கழித்தால் படி இருப்பது எட்டாவது தூணுக்கு அடுத்து. ஒன்பதாவதுக்கு அடுத்து இடது பக்கம் திரும்பினால் படி கிடையாது. இடுப்பளவு பள்ளம், அடியில் கருங்கல். நாளைக்கு இவர் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் ஒன்பது எண்ணித் திரும்பினால், முதலில் விழப்போவது வரிசையில் முன்னால் நிற்கிற தங்கம்.

பெற்ற மகளுக்குத் தானே குழி வெட்டிவிட்டார். தலைமையாசிரியரிடம் சொல்லலாம். ஆனால் சொன்ன சொல்லை மீறி ஒளிந்து நின்றவனின் மகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பாரா? ஆக, வழி ஒன்றுதான். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிற நேரமெல்லாம் தூண் தூணாகவே நின்றாக வேண்டும்.

அப்போதுதான் சமையல்கட்டு வாசலில் சோலையம்மாள் நிற்பதைக் கவனித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பார்வையுள்ள ஒரே ஆள் அந்தச் சமையல்காரி.

"என்னண்ணே, இருக்கன்குடி ஆத்தாளுக்கு எதும் நேந்துக்கிட்டீகளா? அசையாம நிக்கீக."

அவர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு விவரத்தைச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மணி அடிக்கக் கால் மணி முன்னாடி வந்து நின்னுக்கோங்க. ஆமா, தூணு சாப்பிடுமா?"

"சாப்பிடும் தாயீ" என்றார் வெள்ளைத்துரை.

ராத்திரி மிளகாய் மண்டியில் சுமை தூக்கும் சித்தப்பா மகன் நாகையா வீட்டில் படுக்கை. விடிந்ததும் பள்ளிக்கூடம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளைத் தூண் வேலை. நடுவில் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் கிடந்த விறகையெல்லாம் பிளந்து அடுக்கினார். ஆடி முடியும் வரைக்குமான விறகு இரண்டே நாளில் தயார்.

புதன்கிழமை சாயங்காலம் தங்கமும் சோலைச்சாமியும் கை கழுவிவிட்டு வந்தார்கள். தங்கம் நேராக வந்து அவர்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத்துரைக்கு மூச்சு நின்றுபோனது.

"ஏலே, இன்னைக்கு என்ன படிச்சேன் தெரியுமா?" என்று பக்கத்தில் நிற்கிற பயலிடம் வேண்டியதைவிடச் சத்தமாகக் கேட்டாள். "கெட்டித் தாள்ல ஒரே ஒரு புள்ளி குத்துனா அதான் 'அ'. நானே குத்துனேன். டீச்சரு நல்லாருக்குன்னு சொன்னாக."

அவர் வம்சத்தில் 'அ' தெரிந்த முதல் ஆள். வெள்ளைத்துரையின் கண்ணிலிருந்து நீர் உருண்டு நேராகச் சோலைச்சாமியின் தலையில் விழுந்தது.

"அக்கா, தூணு ஒழுகுது!"

"லீவுல கட்டுனதுல்ல? வேலை சுத்தமில்ல" என்று முத்துமாரி தூரத்திலிருந்தே சொன்னாள்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டது. வெள்ளைத்துரை நாகையாவைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு அச்சங்குளத்துக்கு ஓடினார். அங்கே ஃபோர்மேன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வடக்கே ஆர்டர் நிக்குது, லோடு போயாகணும். சனிக்கிழமை காலையில நீரு வரலேன்னா அந்த இடத்துக்கு வேற ஆளு."

தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தால், இங்கே நாகையா அதைவிடத் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னலே ஆச்சு?"

"என் மேல மிளகாத் தூசி இருக்கும்ல. பிள்ளைக எல்லாம் வரிசையா தும்முச்சுக. கடைசியில நானும் தும்மிட்டேன்."

"அடப்பாவி! தூணு தும்மலாமாலே?"

"அந்தப் பெரிய பிள்ளை, தூணுக்குத் தடுமம் பிடிச்சிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சிருச்சு. ஆனா தங்கம் என்னயத் தடவிப் பாத்துட்டு, இது அந்தத் தூணு இல்லையேக்கான்னு மூஞ்சி வாடிப்போச்சுண்ணே. எனக்கே கஷ்டமாப் போச்சு."

வெள்ளைத்துரை அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தார். ஆள் நின்றால்தானே இத்தனை தொந்தரவு? நிஜத் தூண் ஒன்றையே நிறுத்திவிட்டால்?

வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம் பார்த்து, அண்ணனும் தம்பியும் ஒரு பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு சின்னக் கதவு வழியாக வந்தார்கள். நிறுத்திப் பார்த்தால் ஒரு சாண் நீளம். அறுத்தார்கள். மறுபடி நிறுத்திப் பார்த்தால் ஒரு சாண் குட்டை.

"நீ எம்புட்டுலே அறுத்த?"

"நீ காட்டுன இடத்துலதாண்ணே அறுத்தேன்!"

அடியில் ஒரு செங்கல் வைத்தார்கள். ஆடியது. இன்னொரு செங்கல் வைத்தார்கள். கூடவே ஆடியது. மேலே உத்திரத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மத்தியான மணி அடித்துவிட்டது. பதறிப்போய் நாகையா கயிற்றை விட, செங்கல் நழுவ, பனங்கட்டை வராந்தாவின் குறுக்கே விழுந்தது. பட்டாசுக் கம்பெனி இருக்கிற அச்சங்குளத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் ஊரே வெளியில் ஓடி வந்துவிடும்.

பிள்ளைகள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் முத்துமாரியின் கையைப் பிடித்தபடி தங்கம். வழியில் கட்டை கிடக்கிறது. அதைத் தாண்டினாலும் ஒன்பது எண்ணிப் பள்ளத்தில் விழப்போகிறாள். வெள்ளைத்துரைக்கு வேலை, பள்ளிக்கூடம், மானம் எல்லாம் மறந்துபோனது.

"தங்கம்! நில்லு தாயி! நடக்காத!"

வரிசை நின்றது.

"ஏம்ப்பா இப்படிக் கத்துறீக?" என்றாள் தங்கம். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் குரல் கேட்டது அவளுக்கு ஒன்றும் அதிசயமாகத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ரத்தினசாமி கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைத்துரை அவர் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினார். தான் ஒளிந்து நின்றது, எண்ணிக்கை தப்பியது, நாகையா தும்மியது, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி ஃபோர்மேன் மிரட்டியது, கட்டை குட்டையாகப் போனது வரைக்கும் ஒன்று விடவில்லை.

"தப்பு என்னோடதுங்கய்யா. என்னய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளைகளுக்கு மட்டும் எட்டாவது தூணுதான்னு திருத்திச் சொல்லிருங்க. எம்மக விழுந்துருவா."

ரத்தினசாமி தங்கம் இருந்த பக்கம் திரும்பினார்.

"தங்கம், படி எங்கன இருக்கு?"

தங்கம் முத்துமாரியின் கையை விட்டாள். காலால் துழாவிப் பனங்கட்டையைத் தாண்டினாள். பிறகு ஓடினாள். ஒரு தூணையும் தொடாமல், ஒன்றையும் எண்ணாமல் ஓடி, எட்டாவது தூணைத் தாண்டியதும் சரியாக இடது பக்கம் திரும்பி, மூன்று படியையும் தடதடவென்று இறங்கி, அதே வேகத்தில் ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். அவளுக்குப் பின்னால் சோலைச்சாமியும் அப்படியே ஓடி, இறங்கி, ஏறி வந்தான்.

வெள்ளைத்துரை தன் மகள் ஓடி அன்றுவரை பார்த்ததில்லை. ஓட விட்டதில்லை. விழுந்துவிடுவாள் என்று ஐந்து வருஷமாகக் கையைப் பிடித்திருந்தவருக்கு, அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சோலையம்மாள் வந்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸப் பிடிங்க" என்றார் ரத்தினசாமி. "கட்டைய எடுத்துட்டுப் போங்க. விறகு இனிமே எங்களுக்கு வேண்டாம், நிறைய இருக்குதாம்."

"நாளைக்கு வேலைக்குப் போகணும்லப்பா?" என்றாள் தங்கம். "போயிட்டு வாங்க. நான் இருந்துக்கிடுவேன்."

"சரி தாயி" என்றார் வெள்ளைத்துரை. இந்தத் தடவை அது நிஜமான சரி. இரண்டு எட்டு நடந்தவர் என்னவோ உறுத்தத் திரும்பி, முத்துமாரியிடம் கேட்டார்.

"எட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே தாயி. பெறகு எதுக்கு அஞ்சு நாளா என்னயச் சேத்து ஒம்பதுன்னு எண்ணுனீக?"

முத்துமாரி தங்கத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "'எங்கப்பாவ இப்ப வெரட்டுனா என்னயும் கூட்டிட்டுப் போயிருவாக, அவுக பழகுற வரைக்கும் ஒரு தூணா எண்ணிக்கிடுங்கக்கா'ன்னு முத நாளே உங்க மகதான என் காதுல சொன்னா!"