கேப்டன் அண்டவாணன் சுருளலாமா?

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கதை என்றால் சிங்கம் வேண்டாமா என்று ஆரம்பத்திலேயே சண்டைக்கு வராதீர்கள். இருந்தது. சரணாலயத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டது. ராஜா இல்லாமல் காடு உருப்படுமா என்று யாரும் கவலைப்படவில்லை. அவர்களுக்குத்தான் கேப்டன் அண்டவாணன் இருந்தாரே!

அண்டவாணன் ஒரு நாடகக் கதாநாயகன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் குளக்கரைப் பாறைமேல் நாடகம். தலையில் சுரைக்குடுவையைக் கவிழ்த்துக்கொண்டு அண்டவாணன் ராக்கெட்டில் வந்து இறங்குவார். ஏதாவது ஒரு கிரகத்திலிருந்து ஏதாவது ஒரு பூதம் வரும். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "கலங்காதே காடே, காலம் என் கையில்!" என்பார். பூதம் ஓடிப்போகும். தலைமுறை தலைமுறையாக இதே கதைதான். அலுக்காதா என்று நான் ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டு, உயிர் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது.

கதைதான் மாறாது. அண்டவாணன் மாறுவார். முதலில் காட்டெருமை நடித்தது. அதற்கு முட்டிவலி வந்ததும் குரங்கு நடித்தது. குரங்குக்கு வேறு காட்டில் வாய்ப்பு வந்ததும் கரடி நடித்தது. போன வாரம் எருமையாக இருந்தவர் இந்த வாரம் எப்படிக் குரங்கானார் என்று யாராவது கேட்டால், நாடகம் நடத்தும் நரி, "விண்வெளியில வெயில் ஜாஸ்திங்க, முகம் மாறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவுதான் விளக்கம். விஞ்ஞானக் கதை என்பதற்காக விஞ்ஞானமா சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் எந்த அண்டவாணன் உசத்தி என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கு யாரும் இரை தேடப் போகமாட்டார்கள்.

ஆமை, எருமைக் கட்சி. "குரல்யா அது! இடி இறங்குன மாதிரி! மத்தவனெல்லாம் குடுவைய மாட்டிக்கிட்டுச் சுத்துறவன்" என்னும். மைனா, குரங்குக் கட்சி. "குரங்கு மாதிரி தாவிக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம் உங்க எருமையை" என்னும். காட்டுப்பன்றி, கரடிக் கட்சி. "கரடி அழுதா நானும் அழுவேன். எம் பொண்டாட்டி செத்தப்பகூட நான் அப்படி அழல" என்னும். அதில் அதற்குப் பெருமை வேறு. முள்ளம்பன்றி வீட்டுக் கல்யாணம் நிச்சயதார்த்தத்தோடு நின்றதற்கும் மாப்பிள்ளை குரங்குக் கட்சி என்பதுதான் காரணம். ஜாதகம் எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது கரடிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நரி நாலு திசையும் தேடிவிட்டுக் கடைசியில் ஒரு அழுங்கைக் கூட்டிவந்தது. அழுங்கு என்றால் தெரியும்தானே? உடம்பெல்லாம் செதிலாக, நீளமான நாக்கால் எறும்பு தின்னுமே, அதுதான். சின்ன வயதிலிருந்தே பாறையடியில் உட்கார்ந்து நாடகம் பார்த்த பெண். எல்லா அண்டவாணன்களின் வசனமும் அதற்கு மனப்பாடம். அந்த வேஷம் என்றால் உயிர். நரி கூப்பிட்டபோது சந்தோஷத்தில் அதற்கு எறும்பே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அழுங்கு குடுவையை மாட்டிக்கொண்டு ராக்கெட்டிலிருந்து இறங்கியது. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு டார்ச் லைட்டைக் கண்ணாக வைத்துக்கொண்டு, கழுதைப்புலி பூதமாக வந்தது. மத்தியானம்தான் இரண்டும் சேர்ந்து வசனம் பார்த்தன. ஆனாலும் டார்ச் வெளிச்சம் பளிச்சென்று மூஞ்சியில் அடித்ததும், அழுங்குகள் எல்லாம் என்ன செய்யுமோ அதையே இந்த அழுங்கும் செய்தது. பந்தாகச் சுருண்டுகொண்டது.

குடுவை கழன்று உருண்டு குளத்தில் விழுந்தது. கழுதைப்புலிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்தில் பூதம் ஓட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஓடிவிட்டது. நரி அவசர அவசரமாகப் படுதாவை இறக்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. "அண்டவாணன் சுருளலாமா?" என்று மைனா மரத்துக்கு மரம் போய்க் கத்தியது. "பயந்து உள்ள போறதுக்கு அண்டவாணன் எதுக்குய்யா? அதுக்கு நான் இல்லையா?" என்றது ஆமை. பன்றிதான் ரொம்பத் துடித்தது. "எங் குட்டி நேத்திலேர்ந்து சுருண்டு சுருண்டு படுக்குது. பன்றி சாதியில எவனாவது சுருண்டிருக்கானா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் கூட்டம் போட்டார்கள். நரி பாறைமேல் ஏறி, "வேண்டாம்னு சொல்றவங்க வாலைத் தூக்குங்க. மெஜாரிட்டி வந்தா அழுங்கை அனுப்பிடறேன். நாடகத்தையே நிறுத்திட்டு முதலையோட சமையல் நிகழ்ச்சிய வைக்கிறேன்" என்றது. அழுங்கு ஓரமாக நின்றது. ஊறிப்போன குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றது. இந்த வேஷம் போனால் தனக்கு வேறு ஆசை என்று எதுவுமே இல்லை என்பது அதற்குத் தெரியும்.

வாலைத் தூக்குவதற்கு முன்னால் ஆமை எழுந்தது. "நம்ம ஆதி அண்டவாணன் வந்திருக்கார். முதல் நாடகத்துல பூதத்தை அவர் எப்படி எதிர்கொண்டார்னு அவர் வாயாலயே கேட்போம். அந்தப் பொண்ணு கேட்டுக்கட்டும்!"

கிழட்டுக் காட்டெருமை மெதுவாக எழுந்து தொண்டையைச் செருமியது.

"எதிர்கொண்டேனா? ஓடினேன்ப்பா."

கூட்டம் சிரித்தது. "பாருங்க, என்ன அடக்கம்!" என்றது ஆமை. "பூதத்தைத் துரத்திக்கிட்டுப் படுதாவையே கிழிச்சிக்கிட்டுப் பாய்ஞ்சாரே, அதைச் சொல்றார்!"

"துரத்தல. பூதம் எனக்குப் பின்னால இருந்துச்சு. படுதா கொம்புல மாட்டிக்கிச்சு. மறுநாள் உங்க அப்பாதான் என்மேல சாணி அடிச்சார். நீங்களும் பக்கத்துல நின்னு உருட்டிக் குடுத்தீங்க."

ஆமைக்கு முகம் சிவந்தது. "ஐயா, வயசாயிடுச்சு, உங்களுக்கு ஞாபகம் இல்ல. உங்க நடிப்பைப் பத்தி உங்களைவிட எங்களுக்குத் தெரியும். உட்காருங்க."

எருமை உட்கார்ந்துவிட்டது. அது மட்டும் என்ன செய்யும், பாவம்!

அழுங்குக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து குடுவையைத் தரையில் வைத்தது. "யாரும் வாலைத் தூக்க வேணாம். நானே போயிடறேன். என்னால நாடகம் நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தது.

அதன் வால் புதருக்குள் மறைந்தது. மைனாதான் ஆரம்பித்தது. "ஒண்ணு சொல்லணும். அந்தச் சுருளல்ல ஒரு ஆழம் இருந்துச்சு."

"எனக்கு அன்னிக்கே தோணிச்சு" என்றது ஆமை. "பிரபஞ்சத்தின் தனிமை!"

பன்றி மூக்கைச் சிந்தியது. "கரடிக்கப்புறம் என்னை அழ வெச்சது இந்தப் பொண்ணுதான். இப்படி ஒரு கலைஞியைத் துரத்திட்டீங்களேடா, பாவிகளா!"

துரத்தியவர்களில் தானும் ஒருவன் என்பது பன்றிக்கு அதற்குள் மறந்துபோயிருந்தது. கூட்டமாக ஓடிப்போய் அழுங்கின் வளை வாசலில் நின்று, வரமாட்டேன் என்றால் தீக்குளிப்போம் என்றார்கள். தவளைகள்கூட அப்படித்தான் சொல்லின. அழுங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வருகிறேன் என்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அழுங்கு ராக்கெட்டிலிருந்து இறங்கியது. பூதம் வந்தது. டார்ச் அடித்தது. இந்தத் தடவை நன்றாக ஒத்திகை பார்த்து, குடுவை கழலாமல், ரசிகர்களுக்காகவே அழகாகச் சுருண்டது. உள்ளே இருட்டில் கைதட்டலுக்காகக் காத்திருந்தது.

"ப்ச்" என்றது மைனா. "முன்ன மாதிரி இல்ல."

"அந்தக் காலத்துச் சுருளே வேற" என்றது ஆமை. அந்தக் காலம் என்றால் போன வாரம்.

பந்துக்குள் இருந்த அழுங்குக்கு முதலில் வயிறு எரிந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "போங்கடா!" என்று உள்ளேயே சொல்லிக்கொண்டது. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த வேஷத்தை அதுதான் போட்டது. ஒவ்வொரு வாரமும் வசவு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகச் சுருண்டது.

எல்லாருக்கும் வயசாகும். அழுங்குக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டு சுருள முடியாமல் போனது. நரியின் மகன் ஒரு தவளையைக் கூட்டிவந்தான். தவளை, பூதத்தைக் கண்டதும் எகிறிக் குதித்துக் குளத்தில் விழுந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கூட்டம். தவளை ஈரக் குடுவையோடு ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றது.

அன்றைக்குச் சுருண்டு படுத்த பன்றிக்குட்டி இப்போது கோரைப்பல் வைத்த பெரிய பன்றி. அதுதான் தலைமை. "அண்டவாணன்னா சுருளணும்!" என்று உறுமியது. "குதிக்கிறவனெல்லாம் அண்டவாணனா? எங்க அழுங்கம்மா பூதத்தைப் பார்த்ததும் பால்வெளியையே தனக்குள்ள சுருட்டிக்கிட்டாங்க! அம்மா, நீங்களே சொல்லுங்க, அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

அழுங்கு தவளையைப் பார்த்தது. மெதுவாக எழுந்தது.

"ஒண்ணும் ஓடலப்பா. எனக்கு டார்ச் லைட்னா பயம்."

கூட்டம் சிரித்தது. பன்றி பணிவாகக் கும்பிட்டது.

"உங்களுக்குத் தெரியாதும்மா. உட்காருங்க."

அழுங்கு உட்கார்ந்தது. பக்கத்தில் கிழட்டு எருமை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. "இப்படித் தள்ளி வாம்மா. இங்க வெயில் கம்மி."

நீதி: இருக்கும்போது சாணி அடிப்பார்கள், போனபின் சாமி ஆக்குவார்கள். சாமி ஆனபின் குறுக்கே பேசக் கூடாது.