நல்ல பொண்ணுன்னு சொல்லிட முடியாதுங்க

2019 பிப்ரவரி 10, ஞாயிறு. ஆறு மணிக்குப் பால் வந்தது; வழக்கம்போல் தண்ணீர். தேன்மொழி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பினேன். துணி ஊற வைத்தேன். ஸ்பானிஷ் பாடம், அரை மணி நேரம். சட்டினிக்குத் தேங்காய் உடைத்தேன், ஒரு மூடி அழுகல். (அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குக் கீழே பக்கம் காலி. கல்யாணமான நாளிலிருந்து தவறாமல் எழுதுகிறேன். பக்கத்தைப் பாதியில் விட்டது அன்று மட்டும்தான். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் மேசைக்கு வந்த கடித வரைவு எதுவும் முதல் தடவையிலேயே தப்பியதில்லை. யாராவது ‘விரைவில்’ என்று எழுதியிருந்தால், ‘எவ்வளவு விரைவில்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அலுவலகத்தில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் தெரியும். (மாடிப்படிச் சுவரில் எழுத்துப்பிழையோடு கிறுக்கியிருந்தார்கள். நான்தான் திருத்தினேன்.)

இந்த வியாதிக்காரி ஸ்பானிஷ் படிக்கப் போனதற்கு மார்த்தா காரணம். ரமணாசிரமம் பக்கத்தில் மாடி வைத்து வீடு கட்டிய எவர் மாடியிலும் கார்த்திகை முதல் மாசி வரை ஒரு வெள்ளைக்காரர் குடியிருப்பார். எங்கள் மாடிக்கு வருடா வருடம் வருகிறவர் மார்த்தா. ஸ்பெயின்காரர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய இங்கிலீஷ் எங்கள் வீட்டு மோட்டார் மாதிரி. சில நேரம் எடுக்கும், சில நேரம் உறுமிவிட்டு நின்றுவிடும். மௌனத்தைத் தேடி வந்ததாகத்தான் சொன்னார். ஆனால் என் நாத்தனார் தேன்மொழியைக் கண்டால் ஸ்பானிஷில் பேசிக்கொண்டே இருப்பார். அவள் தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடும். இந்த முறைகேட்டைச் சகிக்க முடியாமல்தான் ஒன்பது மாதமாக செல்போனில் பாடம் படித்தேன். தடியாக ஒரு ஸ்பானிஷ்–இங்கிலீஷ் அகராதியும் வாங்கினேன்.

தேன்மொழி என் கணவர் சேகரின் தங்கை. டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வரன்கள் ஜாதகத்தில் அடிபட்டுப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் முரளி, கீழ்பென்னாத்தூர்க்காரர், பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்த்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் தினமும் போன் செய்தார். பேசிவிட்டு வந்து இவள் சமைத்தால் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும். நாங்கள் மூச்சுவிடாமல் சாப்பிட்டோம். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பாக்கி இருந்தது விசாரிப்பு மட்டும்தான். அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை முரளியின் சித்தப்பாவும் சித்தியும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் மாமியார் பஜ்ஜித் தட்டை நீட்டினார். சித்தப்பா பஜ்ஜியைத் தொடாமல் விஷயத்துக்கு வந்தார்.

“சொந்தக்காரங்க நல்லதுதான் சொல்லுவாங்க. தெருமுனைக் கடைக்காரரு யாவாரம் போய்டும்னு பயந்துகினு நல்லதா சொல்லிட்டாரு. குடி இருக்கறவங்கள கேட்டாதான் நெசம் தெரியும். மேல ஒரு வெள்ளக்காரம்மா இருக்காங்களாமே, கூப்புடுங்க.”

மார்த்தா ஈரத்தலையோடு இறங்கி வந்து தேன்மொழியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா செல்போனை எடுத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவை அமுக்கினார். “எங்க முரளி கம்பெனில எல்லாம் இங்கிலீஷ்தான். அந்தம்மா சொல்றத இங்கிலீஷ்லயே போட்டு அவனுக்கு அனுப்பிடறேன்” என்றார்.

தமிழ் தெரிந்த பையனுக்குத் தமிழ் தெரிந்த சித்தப்பா, ஓர் அம்மாள் ஸ்பானிஷில் சொல்வதை இங்கிலீஷில் அனுப்ப வேண்டும். இதிலிருந்த கூத்து என் புத்திக்கு எட்டவில்லை. “நான் மொழிபெயர்க்கிறேன்” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்பது மாத உழைப்புக்கு அன்று அரங்கேற்றம்.

“மேடம், திஸ் கேர்ள், ஹவ்?” என்று சித்தப்பா கேட்டார்.

மார்த்தா தேன்மொழியைப் பார்த்தார். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைத் தன் நெஞ்சில் வைத்து அப்படியே வயிறு வரை இறக்கினார்.

“எந்த்ரான்யாப்ளே” என்றார்.

ஒரே வார்த்தை. நல்ல மனிதர்கள் சுருக்கமாகப் பேசிவிட்டு மற்றவர்களை மாட்டிவிடுவார்கள்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் படித்திருந்தேன். அழகு, கெட்டிக்காரத்தனம் என்று காரணம் எதுவும் சொல்ல முடியாமல் ஒருவர் நமக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அவர் இருந்தால் வீடு வீடாக இருக்கும். அப்படிப்பட்டவரைச் சொல்கிற வார்த்தை. அதை இங்கிலீஷில் இறக்க வேண்டும், அதுவும் இங்கிலீஷ்காரர் வாயில் இயல்பாக வருகிற ஒரு வார்த்தையில். ‘நைஸ்’? அதைப் புதுத் திரைச்சீலைக்குச் சொல்வார்கள். ‘லவபிள்’? நாய்க்குட்டிக்கு. ‘டியர்’? அப்படித் தொடங்கித்தான் நான் எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

“இன்னாம்மா, நல்ல பொண்ணுன்றாங்களா?” என்றார் சித்தப்பா, போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி.

“நல்ல பொண்ணுன்னு சொல்லிட முடியாதுங்க” என்றேன்.

என் கணவர் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

‘நல்ல என்கிற வார்த்தை இதற்குப் போதாது’ என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த வாக்கியமாகச் சொன்னது, “இருங்க, உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அகராதியோடு திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் அசைந்திருக்கவில்லை. எனக்கு அது மரியாதையாகப் பட்டது. மார்த்தாவிடம் ஸ்பானிஷில் உதாரணம் கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எதையும் விழுங்கக் கூடாது என்பது என் கொள்கை; ஆகவே விழுங்காமல் சொன்னேன்.

“அவங்க மாமா ஒருத்தர் இருந்தாராம், அவரு மாதிரின்றாங்க. இப்ப உயிரோட இல்ல. அப்புறம் அவங்க ஊர்ல வயசான நாய் ஒண்ணு, அது மாதிரியும்.”

சித்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். “வசந்தி, போதும்” என்றார் என் கணவர். நான் நிறுத்தவில்லை. வேர்ச்சொல் பாக்கி இருந்ததே!

“இந்த வார்த்தைக்கு வேர் எங்க இருக்குதுன்னா, குடல்ல.”

“குடல்லயா?” என்றார் சித்தி.

“ஆமாங்க. குடல், ஈரல்னு உள்ள இருக்கறது மொத்தமும்.”

“பொண்ணுக்கா?”

குடல் என்று சொல்லும்போது நான் கையால் காட்டியிருப்பேன் போலிருக்கிறது. மார்த்தா புரிந்துகொண்டு, “சி, சி” என்று தலையாட்டித் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். அவர்கள் மொழியில் ‘சி’ என்றால் ஆமாம். (சித்தி அதைத் தமிழில் எடுத்துக்கொண்டிருந்தாலும் பலன் ஒன்றுதான்.)

“ஆப்ரேசன் ஏதாச்சும் ஆச்சாங்க?” என்று சித்தப்பா தணிந்த குரலில் கேட்டார்.

என் மாமியார் பொங்கிவிட்டார். “இன்னாங்க இது அநியாயம்! எம் பொண்ணுக்கு ஒரு தலைவலின்னு கூட வந்தது கெடையாது!”

“போன அக்டோபர்ல ஒரு தடவ வந்துச்சு அத்தை” என்றேன். “சாயங்காலம் வந்துது. ராத்திரியே சரியா போச்சு.”

அதன் பிறகு நான் வார்த்தையைக் கண்டுபிடித்தேன். “எண்டியரிங்!” என்று அறிவித்தேன். கச்சிதமான வார்த்தை, கேட்கத்தான் யாரும் இல்லை. சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“கலந்து பேசிட்டு சொல்றோம்” என்றார்.

இந்த வாக்கியத்துக்கு மட்டும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

வாசல் கதவைச் சாத்தியதும் என் மாமியார் மகனிடம் சொன்னார். “வெளியாளுங்க வந்து கெடுக்க வேணாம்டா சேகரு. வூட்டுக்குள்ளயே இருக்காங்க.”

அண்ணிக்காரி திட்டம் போட்டு நாத்தனார் கல்யாணத்தைக் கலைத்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில், எனக்கு எதிராகக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

“நல்ல பொண்ணுன்னு சொல்லி இருந்தா இன்னா வசந்தி கொறஞ்சி போயிருக்கும்?” என்றார் கணவர்.

“அர்த்தம் கொறஞ்சிருக்கும்” என்றேன். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

 தேன்மொழி ஆறிப்போன பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு மார்த்தாவோடு மாடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.  நாட்குறிப்பைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் முறையாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போனோடு இறங்கி வந்தாள். அதை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். முரளியின் குரல்.

“தேனு, உனக்குக் குடல்ல ஆப்ரேசனாம். ஸ்பெயின்ல இருந்து டாக்டரம்மா வந்து மாடியிலயே தங்கி வைத்தியம் பாக்கறாங்களாம். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சி போச்சு.”

“எனக்கு ஒண்ணும் இல்லங்க” என்றாள் தேன்மொழி. “எங்க அண்ணிக்குத்தான் மூளையில டிக்‌ஷ்னரி.”

எதிர்முனையில் பெரிய சிரிப்பு. “தெரியும். சித்தப்பா ரெக்கார்டிங்க அணைக்காம அப்டியே அனுப்பிட்டாரு. நாலு தடவ கேட்டுட்டேன். இப்படி இருக்கற சமயத்துல கூட அக்டோபர்ல வந்த ஒரு தலைவலிய மறைக்கத் தெரியாத ஆளு, ஆப்ரேசன எப்டி மறைப்பாங்க? இது பொய் சொல்லத் தெரியாத குடும்பம்னு சித்தப்பாவாண்ட சொல்லிட்டேன். ஆனா சித்திதான் நம்ப மாட்றாங்க. நாளைக்குக் காலைல டிபனுக்கு அனுப்பி வைக்கறேன். அவங்க எதிர்ல உக்காந்து சாப்புட்டுக் காட்டு.”

காட்டினாள். ஒவ்வொரு பூரிக்கும் சித்தி முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். தட்டு மூன்றாவது முறை நிரம்பியபோது, “போதும்மா, நிச்சயத்துக்கு நாள் பாக்கலாம்” என்று அவரே கையைப் பிடித்துத் தடுத்தார். ஆவணியில் கல்யாணம். மார்த்தா ஸ்பெயினிலிருந்து வந்து பட்டுப்புடவையில் பந்தியில் உட்கார்ந்தார். அவர் டாக்டரில்லை என்று கீழ்பென்னாத்தூரில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. முழங்கால் வலிக்கு யோசனை கேட்கிறார்கள்.

அந்தக் குரல் பதிவு முரளியிடம் பத்திரமாக இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் எல்லோரும் கூடியதும் போட்டுக் காட்டுகிறார். எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் நேரடியாகப் பாராட்டுவதில்லை. நான் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாதுங்க” என்பார் முரளி. “குடல்ல இருந்து சொல்லுங்க மாப்ள” என்று என் மாமியார் எடுத்துக் கொடுப்பார்.

மறுநாள் காலையையும் இங்கே எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பிப்ரவரி 11, திங்கள். பால் வருவதற்கு முன்பே எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. தேன்மொழி பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் உருளைக்கிழங்கை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அண்ணி, அந்தம்மா சொன்ன வார்த்தைக்கு இன்னாதான் அர்த்தம்?”

அகராதி கூடத்து மேசையில்தான் இருந்தது. எடுக்கப் போகவில்லை.

“நல்ல பொண்ணுன்னு அர்த்தம்” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

(இது துல்லியமான மொழிபெயர்ப்பு அல்ல.)