கணேஸ் வீட்டுப் பூசணி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் ஒருநாளும் அவர்கள் வேலிக்குள் இருக்காது. கூரை ஒழுகினால் மழை சரியில்லை. மகன் பரீட்சையில் கோட்டை விட்டால் கேள்வித்தாள் சரியில்லை. இவர்களைக் கந்தோர் மேசையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்தின் முழு அழகையும் காண வேண்டுமென்றால், மலக்குழி நிறைந்த வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்பிட்டியவில், ஏற்றம் ஏறுகிறவர்கள் நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் கணேஸின் வீடு இருக்கிறது. முன்னால் கார் போர்ச், கார் கிடையாது. பளபளவென்று டைல்ஸ் பதித்த அந்தப் போர்ச்சுக்கு அடியில்தான் குழியின் மூடி இருக்கிறது. மூடிக்கு இடம் விடவா என்று அன்று மேசன் கேட்டார். வாசலில் அப்படி ஒரு சதுரம் தெரிந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கணேஸ் திருப்பிக் கேட்டார். மேசன் மறுபேச்சில்லாமல் பூசிவிட்டுப் போனார். கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது என்பது தத்துவத்தில் பழைய கட்சி. கணேஸ் ஒரு புத்தகமும் புரட்டாமல் அங்கே போய்ச் சேர்ந்தவர்.

குழிக்குத் தத்துவம் தெரியாது. அது தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தது. முதலில், கொமட்டில் ஊற்றிய தண்ணீர் போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. இப்போது வருகிற கொமட்டெல்லாம் இப்படித்தான் என்றார் கணேஸ். பிறகு, குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் பாத்ரூமுக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் வந்தது. பைப்பில் காற்று என்றார். மழை விட்ட மாலைகளில் ஒரு வாடை வாசல்வரை வந்து விருந்தாளி போல நின்றது. கண்டி டவுனே கெட்டுப்போய்விட்டது, இங்கே மட்டும் மணக்குமா என்றார். மனைவி கிருஷாந்தி மூக்கைப் பொத்தினால், உனக்குப் பீனிசம் என்றார்.

அப்புறம் பூசணி. குழித் தண்ணீர் மண்ணில் இறங்குகிற சரிவில் கணேஸ் எப்போதோ விதை போட்டிருந்தார். ஊரெல்லாம் புல் கருகிய வெயிலிலும் அந்தக் கொடி மட்டும் கரும்பச்சையாகப் படர்ந்து, ஆளுயர வேலியைத் தாண்டி, பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலக் காய்களைத் தள்ளியது. எல்லாம் கைராசி என்றார் கணேஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இவர் அதைத் துண்டு போட்டு ஒழுங்கை முழுவதும் பங்கு வைத்தார்.

ஒரு துண்டு, சரிவில் கீழ் வீட்டுக்காரரான பஹீமுக்கும் போனது. அவர் மறுநாள் மேலே ஏறி வந்து, பூசணிக்கு நன்றி சொல்லி, தேத்தண்ணி குடித்து, எழும்பும்போது மெதுவாக, தன் வீட்டுப் பின்சுவர் வேர்க்கிறது என்றார். மலைச் சுவரென்றால் அப்படித்தான், உள்ளே ஊற்று இருக்கும் என்று கணேஸ் விளக்கினார்.

"ஊத்துத் தண்ணின்டா குடிக்க ஏலுமா அண்ணன்?" என்று பஹீம் கேட்டார்.

கணேஸ் பேச்சைத் தேர்தலுக்கு மாற்றினார்.

கிருஷாந்திக்கு மட்டும் இதில் ஓர் அவசரம் இருந்தது. பெரஹரா ஊர்வலம் பார்க்க அவளுடைய அண்ணன் குடும்பம் கொழும்பிலிருந்து வரப்போகிறது. பெரஹராக் காலத்தில் கண்டியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் எங்கிருந்தெல்லாம் முளைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கிருஷாந்தி நினைத்துக்கொண்டிருந்தது அண்ணியை மட்டும். முன்பு ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது அண்ணி ஒருமுறை வந்தார். லயத்துக் கோடியில் இருந்த பொதுக் கக்கூசைப் பார்த்தார். ராத்தங்க வந்தவர் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியது அதற்குப் பிறகு என்றாலும், கிருஷாந்தியின் மனதில் அது போடப்பட்டது அந்த மாலையில்தான்.

"அண்ணி வர்றதுக்கு முந்தி குழி உறிஞ்சுற பவுசருக்குச் சொல்லுங்க. குழிய எடுத்துருவோம்" என்றாள்.

"வாசல்ல பவுசர் வந்து நின்னா சனம் என்ன சொல்லும்? இந்த ஒழுங்கையில எந்த வீட்டுக்காவது வந்திருக்கா?"

வந்ததில்லை. எல்லா வீட்டிலும் மனிதர்கள்தான் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். ஆனால் ஒரு வீட்டிலும் குழி இல்லை.

விருந்தினர் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பாத்ரூமுக்குப் போய் வந்தார்கள். கடைசியாக அண்ணி போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது: கொப்பளிப்பில் தொடங்கி, நீண்ட ஏப்பமாகி, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போல. ஹாலில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். கிருஷாந்தி மட்டும் கதிரையோரம் இன்னும் திறக்காமல் இருந்த அண்ணியின் பையைப் பார்த்தாள்.

அண்ணி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"பைப்புல காத்து, அக்கா" என்றார் கணேஸ்.

"எங்க வீட்டுக்காரரும் காத்துன்னுதான் சொன்னாரு, தம்பி. அப்பறம் ஒருநாள் அந்தக் காத்து ஹால் வரைக்கும் நடந்து வந்துச்சு." அண்ணியின் வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். "ஒங்க குழி மூடி எங்க?"

கணேஸும் மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவு கவனத்துக்கு அந்த விசிறி தகுதியானதல்ல.

கிருஷாந்தி எழுந்து பின்பக்கம் போய் அலவாங்கோடு வந்தாள். மேசன் மூடியைப் பூசிய அன்று பக்கத்தில் நின்றவள் அவள்; இடம் தெரியும். முதல் அடியை அவளே போட்டாள். டைல்ஸ் உடைகிற சத்தத்துக்கு ஒழுங்கை முழுவதும் கதவு திறந்தது.

கிருஷாந்தி போன் போட்டு வரவழைத்த பவுசர் தெல்தெனியப் பக்கமிருந்து முனகிக்கொண்டு ஏற்றம் ஏறி வந்தபோது, கணேஸ் கேற்றடியில் செத்த வீட்டு முகத்தோடு நின்றார். முதலில் வந்தவர் பஹீம். குரலைத் தாழ்த்தி, "அண்ணன், பவுசர் வந்ததோட எங்கட பக்கமும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்களேன்" என்றார். அடுத்து மேல் வீட்டுக்காரர். பிறகு எதிர் வீட்டுக்காரர், வெறும் வேடிக்கை பார்க்க வந்தவர் போல. மூக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் ஆள் யாரென்று எல்லோருமே காத்திருந்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் கணேஸ் நடுவழியில் நின்று கைகாட்டிப் பவுசரை வீடு வீடாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யாராவது முன்வரணும்ல? அதான் நானே கூப்பிட்டேன்" என்றார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

கிருஷாந்தி அதை மறுக்கவில்லை. அவள் அங்கே இல்லை. உள்ளே, அண்ணி பையைத் திறந்து, துவாயை எடுத்து, பாத்ரூம் கொடியில் காயப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் காட்டுவீர்களா? சரி, விடுங்கள், அவசரமில்லை. இந்த வருடம் உங்கள் பூசணி எப்படிக் காய்த்திருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்.