பேறுகால அறையில் மினி கம்ப்யூட்டர்

வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஆண்கள் சுவர்க்கடிகாரத்தோடு வீட்டுக்கு வருவார்கள். என் வீட்டுக்காரர் ரோலண்ட் லாரியோடு வந்தார். பாசிர் கூடாங்கில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் ஸ்டோரில் பல வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை, யாராவது கொண்டுபோனால் போதும் என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் மினி கம்ப்யூட்டர். எங்கள் துணி பீரோ அதன் பக்கத்தில் நின்றால் அதற்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.

மாசாயில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் டெரஸ் வீட்டில் ஏர்கான் இருப்பது ஒரே அறையில். சுடுநீர் வரும் குளியலறையும் அதை ஒட்டித்தான். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் சூசன் தலைப்பிரசவத்துக்கு வரும்போது அந்த அறை அவளுக்கு என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். ரோலண்ட் மெஷினை நேராக அங்கேதான் இறக்கினார். அதற்குச் சூடு ஆகாதாம். சூசன் வருவதற்குள் எடுத்துவிடுவாராம். நம்பினேன். கான்வெண்டில் சிஸ்டர்கள் மன்னிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள், சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கவில்லை.

அத்தனை பெரிய உடம்புக்கு மெமரி மட்டும் கடுகளவு. வாட்ஸ்அப்பில் தினமும் வருகிற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ ஒன்றுகூட அதில் கொள்ளாது. அதற்குள் அந்தக் காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை ஓட்டிக் காட்டுவது இவர் லட்சியம். இடம் போதாமல் ஒவ்வொரு பகுதியாக வெட்டி எறிந்தார். பிரிண்டருக்கான பகுதி போயிற்று. இன்னும் என்னென்னவோ போயிற்று. பினாங்குக்குப் புறப்படும்போது பெட்டியில் இடமில்லை என்று என் சேலைகளை எடுத்து வெளியே வைப்பாரே, அதே வித்தை.

அதை எழுப்புவது தனிப் பூசை. முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். எப்படி விழித்துக்கொள்வது என்பதையே அதற்குச் சுவிட்ச் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதன் கணக்கில் எட்டும் ஒன்பதும் கிடையாது, ஏழோடு சரி. ஒரு தட்டு தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பம். ஜெபமாலையில் இந்தக் கவனம் இருந்திருந்தால் மனுஷர் இந்நேரம் புனிதர் ஆகியிருப்பார்.

ஒருநாள் கூப்பிட்டார். ஓடினேன். திரையில் ஒரே ஒரு '@' குறி. இவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இனிமே நாம டைப் பண்ணினா அது பதில் சொல்லும் வினி."

"அப்ப சூசன் எங்க படுப்பான்னு கேளுங்க."

அதற்கு மெஷின் பதில் சொல்லவில்லை. இவர் சொன்னார். பதிலை முன்பே தயார் செய்து வைத்திருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பிள்ளை பெத்த உடம்புக்கு ஏர்கான் ஆகாது. உன் அங்கம்மாக்கா எல்லார் வீட்டிலயும் சொல்றதுதானே? அப்ப ஏர்கான் ரூம் சூசனுக்கு எதுக்கு லா? நடு ரூம்ல படுக்கட்டும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை தாலி கட்டும்போது.

அங்கம்மாக்கா பெக்கான் நானாஸ் ஊர்க்காரர். பிரசவமான பெண்களுக்கு உடம்பு பிடித்து, மூலிகைத் தண்ணீர் ஊற்றி, பத்தியச் சமையல் செய்து கொடுப்பவர். அவருக்குப் போன் செய்தேன். முன்கூட்டியே வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். இன்னும் நாலு வார்த்தையும் சொன்னேன்.

வந்தார். அறைக்குள் நுழைந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இவர் பயங்காட்டும் நினைப்பில் முந்திக்கொண்டார். இது அடுப்பு மாதிரி அனல் கக்கும், ஏர்கானை நிறுத்தினால் இங்கே மனுஷர் இருக்க முடியாது என்றார்.

அங்கம்மாக்கா மெஷினின் முதுகில் கை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு தம்பி. பெத்தவளுக்கு உடம்பு சூடா இருக்கணும். கரி அடுப்பு வைக்கிற வேலை மிச்சம். இது இங்கேயே இருக்கட்டும். ஏர்கானை மட்டும் நிறுத்திடுங்க."

"நிறுத்தினா மெஷின் படுத்துடும் அக்கா."

"படுக்கட்டுமே. அந்தப் புள்ளயும் படுக்கத்தானே வருது?"

ரோலண்ட் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் திரையைப் பார்த்தேன். பூப்போட்ட திரை, நன்றாகத்தான் இருந்தது.

அங்கம்மாக்கா நிறுத்தவில்லை. மெஷினின் தலை தட்டையாக இருக்கிறது, குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற லம்பின் துணிகளைக் காயப்போடத் தோது என்றார். அப்புறம், நாற்பது நாள் கழிகிற வரை ஆம்பிளை யாரும் இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்றார். இவர் சுவிட்ச் வரிசையைப் பார்த்தார்.

"அப்ப சுவிட்ச் யாரு தட்டுறது?"

"நான் இருக்கேனே" என்றேன். "நீங்க வெளிய நின்னு நம்பரைச் சொல்லுங்க. நான் தட்டுறேன்."

"நீயா?"

"ஏன், நான் கான்வெண்ட்ல படிச்சவதானே? எட்டு, ஒன்பது எல்லாம் எந்தப் பக்கம் தட்டணும்?"

"எட்டு ஒன்பது கிடையாது வினி" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"சரி, கிட்டத்தட்ட அந்தப் பக்கமா தட்டிக்கிறேன். அதுக்கு முன்னால ஈரத்துணி போட்டு நல்லா தொடைச்சிடுறேன். ஒரே அழுக்கு."

மெஷினை எடுக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மறுநாள் காலை சாப்பாட்டுக்கு முன்பே இவராகவே கூட்டாளி செல்வாவுக்குப் போன் போட்டார். செல்வாவின் திரைத்துணிக் கடைக்கு மேல்மாடி காலி, ஏர்கானும் உண்டு. லாரி வந்தது. நாலு ஆள் சேர்ந்து தூக்கினார்கள். இவர் பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிற அப்பா மாதிரி லாரியின் பின்பக்கமே ஏறி உட்கார்ந்துகொண்டார். தெருமுனையில் லாரி திரும்பியதும் எனக்கு மூச்சு வந்தது. அறையைக் கூட்டிக் கழுவினேன். ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அங்கம்மாக்காவும் நானுமாகக் கட்டிலைப் போட்டோம். மகளுக்குப் போன் செய்து, "எல்லாம் ரெடி, வா" என்றேன். அப்பாடா என்றிருந்தது.

மத்தியானம் இவர் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தார். நான் தடுப்பதற்குள் அறைக்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஜில்லென்று இருந்தது. கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்த அங்கம்மாக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கதவைச் சாத்துங்க தம்பி. குளிரு வெளிய போவுது."